ஆர்மோனியக் கட்டை எழும்ப மாட்டேன் என்கிறது: ஸ்பிரிங்குக்குப் பழைய முறுக்கை வீட்டிலேயே ஏற்ற முடியுமா?

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு வாசகர்):
தாத்தாவின் ஆர்மோனியத்தை இருபது வருடம் கழித்துப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறோம். மூன்று கட்டைகள் அழுத்தினால் அப்படியே உட்கார்ந்துவிடுகின்றன. இன்னொன்று தொடாமலேயே முனகுகிறது. உள்ளே எல்லாம் இரும்புக் கம்பி ஸ்பிரிங், லேசாகத் துரு. அடுப்பில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் போட்டால் பழைய முறுக்கு வந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா?

2023 நவம்பர் 5

செய்யாதீர்கள். காரணம் அப்புறம் சொல்கிறேன், முதலில் அடுப்பை அணையுங்கள்.

நான் ஆர்மோனியம் ரிப்பேர் செய்பவன் இல்லை. டெலிபோன் எக்சேஞ்சில் 14 வருடம் ரிலே (மின்சாரத்தால் தொடுப்பைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) ஸ்பிரிங்குகளை வளைத்தும் நிமிர்த்தியும் பிழைத்தவன். நாகப்பட்டினத்தில் எங்கள் பஜனை மடத்து ஆர்மோனியப் பெட்டி என் பொறுப்பில் இருக்கிறது. கடல் இரண்டு தெரு தள்ளி. உப்புக்காற்றில் ஸ்பிரிங் என்ன பாடுபடும் என்பது தெரியும்.

இந்தப் பெட்டியில் இருப்பது ஊக்கு மாதிரியான கம்பி. நடுவில் ஒரு சுற்று, இரண்டு பக்கமும் கால். ஒரு கால் பலகையில் குத்தி நிற்கும், இன்னொரு கால் கட்டையின் பின்பாதியை அழுத்தியே வைத்திருக்கும். அந்த அழுத்தத்தில்தான் கட்டைக்கு அடியில் உள்ள தோல் காற்றுத்துளையை மூடுகிறது. உங்கள் பெட்டியில் அமைப்பு வேறாக இருக்கலாம், பித்தளைக் கம்பி போட்ட பெட்டிகளும் உண்டு. விஷயம் ஒன்றுதான்.

செய்ய வேண்டியது: பக்கத்தில் நன்றாக வேலை செய்கிற கட்டையின் ஸ்பிரிங்கைக் கழற்றி, களைத்துப்போன ஸ்பிரிங்கின் பக்கத்தில் வையுங்கள். என் பெட்டியில் நல்லது கழற்றியவுடன் 90 டிகிரி விரிந்து நிற்கிறது. களைத்தது 60இல் நிற்கிறது. அதன் கால்களைக் கையாலேயே மெதுவாக விரியுங்கள். 90க்கு விரித்தால் விட்டதும் 70க்குத் திரும்பிவிடும், அதனால் 110 வரை போக வேண்டியிருக்கும். கொஞ்சம் விரி, விடு, பார். மறுபடி கொஞ்சம் விரி. கண்தான் அளவுகோல்.

குறடு வேண்டாம். வேண்டியே தீரும் என்றால் வாயில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். குறட்டுப் பல் பதிந்த இடத்தில்தான் கம்பி பின்னால் முறியும்.

2023 நவம்பர் 6

நேற்று "களைத்துப்போன ஸ்பிரிங்" என்று எழுதிவிட்டேன். படுத்த பிறகுதான் உறுத்தியது. எக்சேஞ்சில் என் மேலதிகாரி இந்தச் சொல்லைக் கேட்டாலே முறைப்பார். "ஸ்பிரிங் என்ன மனுஷனா களைக்க?"

கம்பியின் விறைப்பு என்பது அதன் தடிமன், நீளம், சுற்றின் அகலம், உலோகம் இவற்றால் வருவது. இருபது வருடம் அமுக்கி வைத்தாலும் எஃகின் அந்தக் குணம் மாறாது. மாறுவது நிற்கும் நிலை. பரணில் கிடந்த இருபது வருடமும் உங்கள் ஸ்பிரிங் சும்மா கிடக்கவில்லை. யாரும் வாசிக்காவிட்டாலும் துளையை மூட அது அழுத்திக்கொண்டேதான் இருக்க வேண்டும். அப்படி ஓயாமல் அழுத்தியதில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்துபோகிறது. கால்கள் 90இலிருந்து 60க்கு வந்தது அப்படித்தான். ஒவ்வொரு டிகிரிக்கும் அது கொடுக்கும் எதிர்ப்பு அன்றும் இன்றும் ஒன்றே. ஆனால் தொடங்கும் இடம் பின்வாங்கிவிட்டதால், கட்டையைத் தொடும்போது மிச்சமிருக்கும் அழுத்தம் குறைச்சல்.

அதனால்தான் வெறும் கையால் விரித்தாலே போதும் என்கிறேன். போனது குணம் இல்லை, இடம்.

ஒரு கிளைக்கதை. எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு எதிர்க்கும் என்ற இந்த விதியைக் கண்டுபிடித்த ராபர்ட் ஹூக், 1676இல் அதை எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிர் மாதிரி அச்சிட்டார். வேறு யாரும் தட்டிக்கொண்டு போகக் கூடாதே! விடையை 1678இல்தான் வெளியிட்டார். பள்ளிப் புத்தகத்தில் "சுருள்வில்" என்று படித்ததைத் தவிர நான் அந்தச் சொல்லை வாயால் சொன்னதில்லை.

2023 நவம்பர் 9

கண் மட்டும் போதாது, அளவு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நியாயம்தான். ரிலேவுக்குக் கிராம் கேஜ் வைத்திருந்தோம், ஸ்பிரிங் நுனியில் கொக்கியை மாட்டி இழுத்தால் எத்தனை கிராமில் தொடுப்பு பிரிகிறது என்று காட்டும். ஓய்வு பெறும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். (கொடுத்திருக்கக் கூடாது.)

இப்போது என் கேஜ் பத்து ரூபாய் நாணயம். ஒன்று 7.71 கிராம். கட்டையின் முன்விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். எத்தனையாவது காசில் கட்டை இறங்குகிறது என்று எண்ணுங்கள். எங்கள் பெட்டியில் நல்ல கட்டைகள் எட்டில் இறங்குகின்றன, அதாவது சுமார் 62 கிராம். கெட்டது ஐந்திலேயே சரிந்தது. எல்லாக் கட்டைக்கும் ஒரே எண்ணிக்கை வரவேண்டும், அதுதான் முக்கியம். எட்டு என்பது வேதவாக்கு இல்லை.

இன்னொன்று. ராத்திரி எட்டுக் காசுக்குச் சரிசெய்து படுத்தேன், காலையில் ஏழு. புதிதாக விரித்த ஸ்பிரிங் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் பின்வாங்கும். விரித்த திசைக்கு எதிர்த் திசையில்தானே அதை வேலை வாங்குகிறோம். ஆகவே விரித்த கையோடு பத்து இருபது தடவை நன்றாக மூடித் திறந்துவிட்டு, அப்புறம் அளக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை.

2023 நவம்பர் 14

சரி, அடுப்புக் கதை.

1990களில் ஒரு மழைக்காலத்தில் நானும் இதைச் செய்தேன். கேஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்து ஒரு ஸ்பிரிங்கைச் சிவக்கக் காய்ச்சி, தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தில் போட்டேன். எடுத்துப் பார்த்தால் கம்பி கொழகொழ. விரித்தால் விரித்த இடத்தில் நிற்கிறது, கட்டுக்கம்பி மாதிரி.

ஏன்? அரை மில்லிமீட்டர் கம்பியில் சூடு தங்காது. அடுப்பிலிருந்து கிண்ணம் வரை கை போவதற்குள் சிவப்பு போய்விடுகிறது. எண்ணெயில் விழும்போது அது ஏற்கெனவே ஆறிய இரும்பு. எஃகு கடினமாக வேண்டுமானால் சிவப்பாக இருக்கும்போதே சடாரென்று குளிர வேண்டும். ஆர ஆறவிட்டால் இருந்த கடினமும் போய்விடும். அதோடு இந்த மாதிரி மெல்லிய கம்பிக்கு வலு பெரும்பாலும் குளிர்ந்த நிலையில் அச்சுத்துளை வழியே இழுத்து இழுத்து வந்தது. சிவக்கக் காய்ச்சியதும் அந்த உழைப்பெல்லாம் அழிந்தது.

இரண்டாவது முயற்சி: கிண்ணத்தை அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்து, காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய்ச்சி (இரும்பு 770 டிகிரிக்கு மேல் காந்தத்துக்கு மசியாது), அப்படியே நழுவவிட்டேன். இந்தத் தடவை கடினமாயிற்று. காலை விரித்தேன், "டிக்". கண்ணாடிக் குச்சி மாதிரி இரண்டாக.

மூன்றாவது: கடினமானதைப் பதப்படுத்த வேண்டும். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, கடலை வறுக்கும் மணலில் புதைத்து மெதுவாகச் சூடேற்றினேன். எஃகின் மேல் நிறம் வரும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, கத்தரிப்பூ நிறம், கடைசியில் மயில்கழுத்து நீலம். நீலம் என்றால் சுமார் 300 டிகிரி. அங்கே நிறுத்தினால் ஸ்பிரிங். கொஞ்சம் அசந்தால் நிறம் வெளிறிச் சாம்பல். மூன்றில் ஒன்றுதான் நீலத்தில் நின்றது. அதுவும் கால்கள் கோணிக்கொண்டு. பெட்டியில் போட்டால் பக்கத்துக் கட்டையை உரசியது.

ஒரு ஸ்பிரிங்குக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை. கையால் விரித்திருந்தால் மூன்று நிமிடம்.

2023 நவம்பர் 15

மேலே எழுதியதைப் படித்துவிட்டு வீட்டில் கேட்ட ஒரே கேள்வி: "அந்த மணலிலா அப்புறம் கடலை வறுத்தோம்?"

2023 நவம்பர் 22

துருவைப் பற்றி. நான் மேலே "குணம் மாறாது" என்று அடித்துச் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு, அது துருதான். துரு கம்பியைத் தின்று மெலிய வைக்கிறது. விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அதாவது தடிமனை நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கிப் பார்க்க வேண்டும். 0.56 மில்லிமீட்டர் கம்பி துருவில் 0.50 ஆனால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதை எவ்வளவு விரித்தாலும் வீண். விரித்து விரித்து எட்டுக் காசுக்குக் கொண்டுவரலாம், ஆனால் கம்பி தன் தாங்கும் எல்லைக்குப் பக்கத்திலேயே வேலை செய்யும். சீக்கிரம் மறுபடி படியும், அல்லது முறியும்.

துருவை எடுக்க எலுமிச்சைச் சாறு, புளி, வினிகர் என்று கேட்டு நாலைந்து பேர். பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. ஸ்பிரிங்குக்குக் கூடாது. நான் ஒரு ராத்திரி எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டேன். காலையில் வெள்ளி மாதிரி இருந்தது, சந்தோஷமாக மாட்டினேன். இரண்டாம் நாள் மத்தியானம் மடத்தில் யாரும் இல்லை, நான் மட்டும் திண்ணையில் படுத்திருக்கிறேன். பெட்டிக்குள் "டிக்". திறந்து பார்த்தால் முறிந்து கிடக்கிறது. தொட்டவர் யாரும் இல்லை.

அமிலம் இரும்பைக் கரைக்கும்போது ஹைட்ரஜன் பிறக்கிறது. அதில் கொஞ்சம் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குத் தள்ளுகிறது. கடினமான எஃகு, அதிலும் ஓயாத அழுத்தத்தில் இருப்பது, உடனே உடையாது, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கழித்து உடையும்.

மண்ணெண்ணெயில் நனைத்து, ஜீரோ நம்பர் உப்புத்தாளால் கம்பியின் நீளவாக்கில் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல்தான் முறிவுக்குப் பிள்ளையார் சுழி. அப்புறம் தையல் மெஷின் எண்ணெயை விரலில் தொட்டு ஒரு பூச்சு. வழியவிடாதீர்கள், தோலில் பட்டால் அது வேறு தலைவலி.

2023 டிசம்பர் 3

சேலம் தம்பி பதில் எழுதியிருக்கிறார். மூன்றில் இரண்டு எழுந்துவிட்டதாம். மூன்றாவதன் ஸ்பிரிங்கை இரண்டு தடவை விரித்தும் அசையவில்லை. முனகும் கட்டை இன்னும் முனகுகிறது.

இங்கே நான் தப்புச் செய்திருக்கிறேன். முதல் நாளே ஸ்பிரிங்கில் கையை வைக்கச் சொல்லியிருக்கக் கூடாது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கட்டையை மட்டும் விரலால் தூக்கி விட்டுப் பாருங்கள். தன் கனத்திலேயே தடையில்லாமல் விழ வேண்டும். தயங்கினால் குற்றம் ஸ்பிரிங்கில் இல்லை. இது மழைக்காலம், மரம் ஊறி வழிகாட்டிக் கம்பியைக் கவ்விக்கொண்டிருக்கும். உரசும் பக்கத்தில் பென்சில் முனையைத் தேய்த்தால் பல சமயம் போதும்.

முனகலுக்கு என் வழக்கமான சோதனை: துருத்தியை மெதுவாக அடியுங்கள். மெதுவாக அடித்தாலே முனகினால் தோலும் துளையும் சரியாகப் பொருந்தவில்லை, நடுவில் தூசி அல்லது செத்த பூச்சி. ஓங்கி அடித்தால் மட்டும் முனகினால் ஸ்பிரிங். உள்ளே ஏறும் காற்றழுத்தம் தோலை மேலே தள்ளப் பார்க்கிறது, ஸ்பிரிங் அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்று அர்த்தம்.

2023 டிசம்பர் 4

தோல்தானாம். கரப்பான் முட்டைக்கூடு ஒட்டியிருந்ததாம். தாத்தா காலத்துக் கரப்பானா என்று கேட்டிருக்கிறார்.

2023 டிசம்பர் 21

மார்கழி. விடிகாலை ஐந்துக்கே மடத்தில் பெட்டி. விரல் விறைத்துக் கிடக்கும்போது எட்டுக் காசே கனமாகத்தான் இருக்கிறது.

இழையில் ஒருவர் "உங்கள் பெட்டி எத்தனை கட்டை?" என்று கேட்க, இன்னொருவர் "39" என்று சொல்ல, முதலாமவர் மயங்கிவிட்டார். அவர் கேட்டது பாடும் குரலின் உயரத்தைச் சொல்லும் சுருதிக் கட்டை. ஐந்தரைக் கட்டைக்கே குரல் கிழிகிறது, 39க்கு எங்கே போவது! பழைய நாடகக்காரர்கள் இருந்தால் முயன்று பார்த்திருப்பார்கள்.

1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்தது, 1971 வாக்கில்தான் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. கமகம் (ஸ்வரத்தை அசைத்து இழைப்பது) வராது என்பது புகார். ஸ்பிரிங் தளர்ந்த பெட்டியில் கட்டை பாதியில் நிற்கும்போது ஸ்வரம் கொஞ்சம் இறங்கி வழுக்கும். அதைக் கமகம் என்று சொல்லி ஒப்பேற்றியவர் ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், கண்ணாடியில் பார்க்கிறேன்.

2024 ஜனவரி 8

வேறு ஸ்பிரிங்குகள் பற்றி வந்த கேள்விகள், சுருக்கமாக.

தையல் மெஷின் பாபின் கேஸில் உள்ள தட்டை ஸ்பிரிங்: அதை வளைக்காதீர்கள். பெரும்பாலும் அடியில் நூல்பஞ்சு சேர்ந்து தூக்கிக்கொண்டிருக்கும். ஒரு துணி நூலை அடியில் விட்டு இழுத்தால் வந்துவிடும். அப்புறம் பாபின் நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். சும்மா நிற்க வேண்டும், கையை ஒரு வெட்டு வெட்டினால் கொஞ்சம் இறங்க வேண்டும். ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கு மேல் திருகத் தேவை வராது. வருடக்கணக்கில் நூல் ஓடிப் பள்ளம் விழுந்திருந்தால் புதிதாக வாங்குங்கள்.

டார்ச்: ஸ்பிரிங்கை இழுத்து நீட்டலாம், ஆனால் பாதி நேரம் குற்றம் பச்சைக் களிம்பில்.

துணி மாட்டும் கிளிப்: விடுங்க.

2024 பிப்ரவரி 27

மாசி வெயில் வந்தது, மானம் போனது.

நவம்பரில் எங்கள் பெட்டியில் நான் விரித்த ஸ்பிரிங்குகளில் இரண்டு இப்போது பதினொரு காசுக்குத்தான் இறங்குகின்றன. பஜனையில் வாசிக்கும் பையன் "மாமா, இந்த ரெண்டு மட்டும் கல்லு மாதிரி இருக்கு" என்றான். விஷயம் புரிந்துவிட்டது. அந்த இரண்டிலும் மழையில் ஊறிய மரம்தான் கட்டையைப் பிடித்திருந்தது. நான் ஸ்பிரிங்கைப் பலப்படுத்தி மரத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். மரம் காய்ந்து விட்டுக்கொடுத்ததும் ஸ்பிரிங் மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறது. டிசம்பர் 3ஆம் தேதி சேலத்துக்கு உபதேசம் செய்தபோது என் பெட்டியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை!

திரும்ப மூட வேண்டும். ஒன்று ஒழுங்காகப் பத்து டிகிரி மூடிக்கொண்டது, எட்டுக் காசு. இன்னொன்று மூடும்போது சுற்றுக்குப் பக்கத்தில் முறிந்தது. பார்த்தால் அந்த இடத்தில் ஒரு துருக்குழி. முன்னும் பின்னும் வளைத்தால் எந்தக் கம்பியும் ஒரு நாள் கணக்கு முடித்துக்கொள்ளும், குழி இருந்தால் அந்த நாள் சீக்கிரம்.

2024 மார்ச் 10

முறிந்ததற்கு மாற்று. மருமகளின் வீணையில் கழற்றிப் போட்ட எஃகுத் தந்தி இருந்தது. ஸ்பிரிங்குக்கு இதைவிட நல்ல எஃகு ஏது என்று சுற்றினேன். அழகாக வந்தது. மாட்டினால் ஒரே காசில் கட்டை விழுகிறது. அளந்தேன், 0.32 மில்லிமீட்டர். பழையது 0.56. நான்கு தடவை பெருக்கிப் பாருங்கள், பத்தில் ஒரு பங்குதான். நவம்பர் 22இல் நானே எழுதிய கணக்கு, எனக்கே எட்டவில்லை.

24 கேஜ் பியானோ கம்பி வரவழைத்தேன், 0.56தான். 4 மில்லிமீட்டர் ஆணியில் சுற்றினால் கையை விட்டதும் துள்ளி விரிந்து உள்விட்டம் ஐந்தாகிறது. அது சரியாக இருந்தது, தற்செயல்தான்.

அடுப்பு பற்றியும் ஒரு திருத்தம். சிவக்கக் காய்ச்சுவது கூடாது என்பதில் மாற்றமில்லை. ஆனால் புதிதாகச் சுற்றிய ஸ்பிரிங்கைக் கேக் சுடும் ஓவனில் 230 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால், சுற்றும்போது உள்ளே தங்கிய இறுக்கம் கொஞ்சம் தளர்ந்து, அப்புறம் படிவது குறைகிறது. லேசாக மஞ்சள் பூத்து வெளியே வந்தது. வீட்டில் கேக் சுட்டு இரண்டு வருடம் ஆகிறது என்பதால் எதிர்ப்பு இல்லை. ஓவன் கொஞ்சம் எண்ணெய் வாடை அடித்தது, அதை நான் சொல்லவில்லை.

2024 மார்ச் 11

ராத்திரி எட்டு, காலையிலும் எட்டு.

2024 மார்ச் 30

சேலம் தம்பி தாத்தா பெட்டியில் வாசித்து ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார். நடு ஸ்தாயி பஞ்சமம் தொட்டதும் பின்னால் ஒரு கிறீச். ஸ்பிரிங் காலின் நுனி மரப்பள்ளத்தில் உரசுகிறது என்று நினைக்கிறேன். மெழுகுவர்த்தியை ஒரு தேய் தேய்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கழற்றாமலே செய்யலாம்.

எங்கள் பெட்டி பரவாயில்லை. எட்டு நாணயங்களையும் கடைத்தெருவில் கொடுத்துப் பார்த்தேன். ரிசர்வ் வங்கியே செல்லும் என்று சொன்ன பிறகும் பத்து ரூபாய் காசு வேண்டாம் என்று இரண்டு கடையில் தள்ளிவிட்டார்கள். ஒரு துணியில் முடிந்து பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன்.